பென்சில் டிக் நின்றுபோன இடம்

12 ஏப்ரல் 2024, வெள்ளி. ரெடிங்.

ஓய்வு பெற்றுப் போகிறவர்கள் கடைசி நாளில் ஆபீசுக்கு கேக் கொண்டுவருவார்கள். இன்று ஓய்வு பெற்ற எங்கள் ஆபீஸ் பெரியவர் காரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி என் மேசைக்கு அடியில் தள்ளினார். உள்ளே எல்பி தட்டுகள். எல்லாம் ஒரே குழு: எக்ஸ்டிசி (XTC). மூன்று எழுத்தையும் வேகமாகச் சொன்னால் பரவசம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். பெரியவருடைய ஊர் ஸ்விண்டன். குழுவும் அதே ஊர்தான். ஒரே நிபந்தனை போட்டார்: வெளிவந்த வரிசையில் கேட்க வேண்டும், பிடித்ததை மட்டும் பொறுக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதுவும் ஏதோ கடையில் பின்னணியில் ஓடியது.

14 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடிக்கு இந்த ஊரில் வேப்பம்பூ கிடைக்காது; வெந்தயத்தை வைத்துக் கசப்பைச் சமாளித்தாள் மனைவி. மத்தியானம் பெட்டியைத் திறந்தேன்.

முதல் தட்டு 'ஒயிட் மியூசிக்', 1978 ஜனவரி. பங்க் இசை எரிந்து அடங்கிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சூட்டோடு கொஞ்சம் மூளையும் நையாண்டியும் கலந்து வந்தவர்களுக்கு 'நியூ வேவ்' என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். பாட்டும் கிட்டாரும் ஆண்டி பார்ட்ரிட்ஜ், பேஸ் காலின் மோல்டிங், டிரம்ஸ் டெர்ரி சேம்பர்ஸ், கீபோர்டு பாரி ஆண்ட்ரூஸ். பார்ட்ரிட்ஜ் பாடுவது விக்கல் வந்தவர் வாதாடுவதுபோல இருக்கிறது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடும் பாப் டிலன் பாட்டு ஒன்றை எடுத்து எலும்பெலும்பாகக் கழற்றியிருக்கிறார்கள். "டேப் சிக்கிக்கிச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல்.

அதே வருடக் கடைசியில் வந்த 'கோ 2' எனக்கு ஒட்டவில்லை. உறைதான் ரகளை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் தட்டச்சு செய்த நீளமான பத்தி: இது ஓர் இசைத்தட்டு உறை, உங்களை வாங்கவைப்பதுதான் இதன் வேலை என்று உறையே தன்னைப் பற்றி விளக்கிக்கொண்டு போகிறது. பிங்க் ஃபிளாய்டுக்கு உறை வரைந்த ஹிப்னோசிஸ் நிறுவனத்தின் குறும்பு.

இரண்டு உறைகளிலும் சில பாட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் மங்கலான பென்சில் டிக். மளிகைச் சீட்டில் வாங்கிய சாமானுக்குப் போடுவதுபோல.

16 ஏப்ரல், செவ்வாய்

'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்', 1979. கீபோர்டு ஆண்ட்ரூஸ் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்த டேவ் கிரிகரி கிட்டார்க்காரர். ஆகவே மிச்சம் இருப்பது தோலும் கம்பியும், தலைப்பே அதுதான். தயாரிப்பு ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பதிவு ஹியூ பாட்கம். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் டிரம்ஸை அறையோடு சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சேம்பர்ஸ் அடிக்கும் அடி வீட்டுக் கதவில் விழுகிறது.

கடையில் கேட்ட பாட்டு இதில்தான் இருக்கிறது: 'மேக்கிங் பிளான்ஸ் ஃபார் நைஜல்'. மோல்டிங் எழுதியது. நைஜல் என்றொரு பையன். அவனுக்கு எது நல்லது என்று அப்பா அம்மா முடிவு செய்துவிட்டார்கள். பிரிட்டிஷ் ஸ்டீலில் வேலை, எதிர்காலம் உறுதி, அவனுக்கும் சந்தோஷம்தான். சந்தோஷமா என்று அவனை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பாட்டில் நைஜல் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பெற்றோர் குரலிலேயே முழுப் பாட்டும் ஓடுகிறது. டிரம்ஸிலும் ஒரு தலைகீழ்: சாதாரணமாகச் சின்னத் தாளத்தட்டில் போகிற சிறு சொல்லை சேம்பர்ஸ் கனத்த டாம் மேல் உருட்டுகிறார். ஆலைக்குள் நடக்கிற மாதிரியே இருக்கிறது. பிரிட்டனில் 17ஆம் இடம் வரை போனது.

பாட்டு முடிந்ததும் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏ லெவலுக்கு என்ன பாடம் என்று போன வாரம்தான் நானும் அவள் அம்மாவும் அரை மணி நேரம் பேசினோம். அவளை வைத்துக்கொண்டேதான்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லப்பா. இன்னொரு தடவ போடுங்க."

17 ஏப்ரல், புதன்

'பிளாக் சீ', 1980. உறையில் நால்வரும் பழங்கால ஆழ்கடல் மூழ்காளர் உடையில். மேடையில் ஊர் ஊராக வாசித்து முறுக்கேறிய குழுவின் தட்டு. இரண்டு கிட்டார்களும் கத்தி தீட்டுகின்றன. டிக்குகளும் இதில்தான் அதிகம். எனக்கு ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை. நடுவில் எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

20 ஏப்ரல், சனி

'இங்கிலீஷ் செட்டில்மென்ட்', 1982 பிப்ரவரி. இரட்டைத் தட்டு, 15 பாட்டுகள். பச்சை உறையில் வெள்ளைக் கோடுகளாக ஒரு குதிரை. ஊசி இறங்கியதும் வேறு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டோமோ என்று தோன்றியது. பன்னிரண்டு தந்தி கிட்டார், நைலான் தந்தி, ஃப்ரெட் இல்லாத பேஸ் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு வருடம் முன்பு பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தவர்கள்தானா இவர்கள்? 'சென்சஸ் ஒர்க்கிங் ஓவர்டைம்' 10ஆம் இடத்துக்குப் போனது. அதைவிட மேலே இவர்களுடைய எந்தப் பாட்டும் பிரிட்டனில் ஏறவில்லை.

மோல்டிங்கின் 'இங்கிலீஷ் ரவுண்டபவுட்' ஓடும்போது கால் தானாகத் தட்டியது. ஆனால் நான்கில் அடங்கவில்லை. விரலை மடக்கிப் பார்த்தேன். தகதகிட, தகதகிட. கண்ட நடை! பாப் பாட்டில் ஐந்தைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள்போல் நடந்து போகிறார்கள்.

இந்த உறையில் ஒரு டிக்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழிந்த தடம்கூட இல்லை.

காரணம் பிறகு புரிந்தது. பெரியவர் டிக் போட்டது மேடையில் நேரில் கேட்ட பாட்டுகளுக்கு. 1982 மார்ச் 18, பாரிசில் முதல் பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பார்ட்ரிட்ஜ் உறைந்துபோய் மேடையை விட்டு இறங்கிவிட்டார். பதின்ம வயதிலிருந்து அவருக்கு வேலியம் மாத்திரை. அதை நம்பியே இருக்கிறார் என்று கவலைப்பட்ட மனைவி மாத்திரைகளை எடுத்து எறிந்துவிட்டார். நல்லெண்ணம்தான். ஆனால் அப்படிப்பட்ட மருந்தைப் படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தினால் உடம்பும் மனசும் என்ன பாடு படும் என்பதை அன்றைக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏப்ரல் 3, அமெரிக்காவில் சான் டியகோ: ஒரு முழுக் கச்சேரி. மறுநாள் லாஸ் ஏஞ்சலீசில் மேடை ஏறவில்லை. அதோடு சுற்றுப்பயணம் என்பதே முடிந்துபோனது. அவருக்கு அப்போது வயது 28.

21 ஏப்ரல், ஞாயிறு

'மம்மர்', 1983. மேடை இல்லை என்றதும் சேம்பர்ஸ் கழன்றுகொண்டார், ஒத்திகை நடுவிலேயே. அவர் கையோ சம்மட்டி. கேட்டதோ பூத்தொடுக்கிற வேலை. ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இதற்குப் பிறகு குழுவில் நிரந்தர டிரம்மர் கிடையாது, வெளியாட்கள் வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள்.

'லவ் ஆன் எ ஃபார்ம்பாய்ஸ் வேஜஸ்' மட்டும் நான்கு தடவை கேட்டேன். பண்ணைக் கூலிக்காரன் ஒருவன், கையில் காசில்லை, காதல் இருக்கிறது. வில்ட்ஷயர் வயல் வாசனை. மற்றவை வரும், போகும்.

23 ஏப்ரல், செவ்வாய்

'தி பிக் எக்ஸ்பிரஸ்', 1984. உறை வட்டம்! ரயில் சக்கரத்தின் படம் போட்டு உறையையே வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். அலமாரியில் நிமிர்த்தினேன், உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நாற்பது வருடமாகப் பெரியவர் இதை எப்படி வைத்திருந்தாரோ.

பாட்டுகள் இரும்பு. மெஷின் டிரம், இரைச்சல், அதற்குள் மாட்டிக்கொண்ட மெட்டு. விற்கவும் இல்லை. எனக்கு மட்டும் இது ஏனோ கிட்ட வந்தது. ஸ்விண்டன் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பணிமனை ஊர். 1843இல் வேலை தொடங்கிய பட்டறை. உச்ச காலத்தில் 14,000 பேர்வரை வேலை பார்த்தார்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின் 'ஈவினிங் ஸ்டார்' 1960இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. தட்டு வந்த இரண்டாம் வருடம், 1986 மார்ச்சில், பட்டறையை மூடிவிட்டார்கள். கடைசிப் பாட்டில் கரி தீர்ந்துபோகும் ரயிலைப் பற்றி பார்ட்ரிட்ஜ் பாடுகிறார். தன்னைப் பற்றித்தான், ஊரைப் பற்றியும்தான். மூச்சிரைத்து, வேகம் குறைந்து, ஒரு பெருமூச்சில் நிற்கிறது.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். திருச்சியில் விடிகிற நேரம், எப்படியும் எழுந்திருப்பாள். அப்பாவுக்குப் பொன்மலைப் பணிமனை. நான் பிறந்தது ரயில்வே காலனியில். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த பட்டறை.

"சங்கு எத்தன தடவம்மா ஊதும்?"

"காலங்காத்தால இத கேக்கவா கூப்புட்ட? உங்கப்பா ரெண்டாவது சங்குக்கு சைக்கிள எடுத்துருவாரு. மூணாவதுக்கு கேட்டுக்குள்ள இருக்கணும். இல்லன்னா அர நாள் சம்பளம் போச்சு. ஏன்டா, உடம்பு சரியில்லையா?"

24 ஏப்ரல், புதன்

பெட்டியில் அடுத்து வேறொரு குழுவின் தட்டு. 'தி டியூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்', தலைப்பு '25 ஓ கிளாக்'. தவறி விழுந்தது என்று நினைத்தேன். 1985 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினத்தில், இவர்களே மாறுவேடத்தில் இறக்கிய தட்டு! பார்ட்ரிட்ஜுக்கு 'சர் ஜான் ஜான்ஸ்' என்று பெயர், மோல்டிங்குக்கு 'தி ரெட் கர்ட்டன்'. டேவ் கிரிகரியின் தம்பி டிரம்ஸ். பள்ளிப் பையன்களாக இருந்தபோது கேட்டு மயங்கிய 1967ஆம் வருட சைக்கடெலிக் இசையை அப்படியே சமைத்திருக்கிறார்கள். டேப்பைப் பின்னோக்கி ஓட்டுவது, கடிகார மணி, காதைச் சுற்றும் எதிரொலி எல்லாம். பாதித் தட்டு நேரம்தான், செலவும் சொற்பம். சொந்தப் பெயரில் உழைத்துக் கொட்டிய 'பிக் எக்ஸ்பிரஸை'விட இது அதிகம் விற்றது. வயிறெரிந்திருக்கும்.

முகமூடி போட்டதும் மனிதருக்குக் கூச்சம் விட்டுவிடுகிறது. கூத்தில் வேஷம் கட்டியவனைப் பார்த்தால் தெரியும்.

27 ஏப்ரல், சனி

'ஸ்கைலார்க்கிங்', 1986. சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டேன். ஒன்பதரைக்கு இதை எழுதுகிறேன். இடையில் சாப்பிட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

பூச்சிகள் ரீங்காரம். வெயில் காயும் புல்வெளி. அதிலிருந்து மெலோடிக்கா ஒன்று சோம்பல் முறித்துக்கொண்டு எழுகிறது. முதல் பாட்டு முடியாமலே இரண்டாவதற்குள் கரைகிறது. கோடை, காதல், மழை, கல்யாணம், பணக்கஷ்டம், கிழப்பருவம், சாவு, கடைசியில் ஒரு தீ. ஒரு நாளா, ஒரு வருடமா, ஓர் ஆயுளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மழைப் பாட்டிலிருந்து 'தவுசண்ட் அம்பிரெல்லாஸ்' என்ற பாட்டுக்குத் தாவும் இடத்தில் வயலின்கள் இறங்குகின்றன. அந்த இசைக்கோர்வை கிரிகரி எழுதியது. வருத்தம் படியிறங்கி வருகிற மாதிரி அரையரைச் சுரமாகக் கீழே வருகிறது. ஊசியை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தேன். தட்டுக்குக் கெடுதல் என்று தெரிந்தேதான்.

இவ்வளவு சாந்தமான தட்டு உருவான கதை சண்டைக்கதை. தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரன், அமெரிக்கர். வரைவு டேப்புகளை வாங்கி, எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று குழு விமானம் ஏறுவதற்கு முன்பே வரிசை போட்டு வைத்துவிட்டார். பார்ட்ரிட்ஜுக்கு அது பொறுக்கவில்லை. நியூயார்க் மாகாணத்து உட்ஸ்டாக்கில் ஒரே உறையில் இரண்டு கத்தி. இடையில் மோல்டிங் கோபித்துக்கொண்டு விலகுகிறேன் என்று போய், திரும்பி வந்தார். பார்ட்ரிட்ஜ் ஊர் திரும்பிப் பல வருடம் இந்தத் தட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, இதுதான் சிறந்ததோ என்று இறங்கிவந்தார். எனக்குச் சந்தேகமே இல்லை. ரண்ட்கிரன் போட்ட வரிசைதான் இந்தத் தட்டு. பார்ட்ரிட்ஜ் கையில் விட்டிருந்தால் நல்ல பாட்டுகளாக ஒரு மூட்டை கிடைத்திருக்கும், ஒரு நாள் கிடைத்திருக்காது.

'டியர் காட்' என்ற பாட்டை முதலில் தட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கடவுளை நம்பாதவன் கடவுளுக்கு எழுதும் கடிதம். ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் போட்டு ஒதுக்கினார்கள். அமெரிக்க வானொலிக்காரர்கள் அந்தப் பின்பக்கத்தையே திருப்பித் திருப்பிப் போட, அடுத்த அச்சில் வேறொரு பாட்டை வெளியேற்றிவிட்டு இதை உள்ளே சேர்த்தார்கள். வெளியேறியது 'மெர்மெய்ட் ஸ்மைல்ட்'. என் கையிலிருக்கும் பிரிட்டிஷ் தட்டில் கடற்கன்னி பத்திரமாக இருக்கிறாள்.

இன்னொன்று, இதை மகளிடம் சொன்னபோது அவளும் உட்கார்ந்து கேட்டாள். மூலப் பதிவிலேயே எங்கோ கம்பி மாறிப்போய், ஒலியின் கூட்டல் கழித்தல் தலைகீழாகிவிட்டது. ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள வேண்டிய நேரத்தில் உள்ளே இழுக்கிறது. அதனால்தான் பேஸ் மெலிந்து கேட்கிறது. 2010இல்தான் ஒரு மாஸ்டரிங் பொறியாளர் கண்டுபிடித்துத் திருத்திய தட்டு வந்தது. இருபத்துச் சொச்சம் வருடம் உலகம் இதைப் பின்பக்கமாகக் கேட்டு மயங்கியிருக்கிறது. "ஸ்பீக்கர் ஒயர மாத்தி சொருகினா சரியாயிடுமேப்பா" என்றாள். இரண்டு ஸ்பீக்கரிலும் மாற்றிச் சொருகினோம். உண்மையா பிரமையா தெரியாது, மோல்டிங் ஓர் அடி முன்னால் வந்து நின்றார்.

உறையைத் திரும்ப வைக்கும்போது பார்த்தேன். மோல்டிங் எழுதிய ஒரு பாட்டின் பக்கத்தில் டிக். பென்சில் இல்லை, நீலப் பேனா. 1982க்குப் பிறகு மேடையே ஏறாத குழுவின் 1986ஆம் வருடப் பாட்டுக்கு எப்படி?

1 மே, புதன்

இரண்டு தட்டு. 'ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ்', 1989, லாஸ் ஏஞ்சலீசில் செய்தது. எல்லா மூலையிலும் வண்ணம் பூசியிருக்கிறார்கள், கண் கூசுகிறது. மூன்றாவது பாட்டிலேயே தீபாவளி இனிப்பு தின்ற களைப்பு. ஆனால் கடைசிப் பாட்டு 'சாக்ஹில்ஸ் அண்ட் சில்ட்ரன்' எல்லாவற்றையும் மன்னிக்க வைத்தது. பலூன்போல மேலே போகிற மனிதனைச் சுண்ணாம்புக் குன்றுகளும் பிள்ளைகளும் தரையில் பிடித்து வைக்கிற பாட்டு.

'நான்சச்', 1992. எட்டாம் ஹென்றி கட்டி, பிறகு இடிபட்டு, இன்று தரையில் மிச்சமே இல்லாத அரண்மனையின் பெயர். 17 பாட்டுகள். இதிலிருந்து ஒரு சிங்கிளை அச்சடித்துவிட்டுக் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. பார்ட்ரிட்ஜுக்கு ஆத்திரம். விட்டுவிடுங்கள் என்றார், விடவில்லை. அப்படியானால் ஒரு சுரம்கூடப் பதிவு செய்ய மாட்டோம் என்று வேலைநிறுத்தம். ரயில்வே ஊர்க்காரர்கள் அல்லவா! கம்பெனி இறங்கிவர ஐந்து வருடம் ஆனது.

4 மே, சனி. ஸ்விண்டன்.

ரெடிங்கிலிருந்து ரயிலில் அரை மணி. பெரியவர் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். மகளும் வந்தாள், நைஜல் பாட்டுக்காக.

ரயில்வே கிராமத்தின் கல்வீடுகளிலிருந்து தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை பட்டறைக்குள் போகிறது. ஆயிரக்கணக்கான பூட்ஸ் கால்கள் காலையில் போய் மாலையில் திரும்பிய வழி. மறுமுனையில் இன்று ஓர் அருங்காட்சியகமும், பழைய பட்டறைக் கூரைக்குக் கீழே வரிசையாகத் துணிக்கடைகளும். கூரையில் கிரேன் இன்னும் தொங்குகிறது. அடியில் தள்ளுபடி விலைச் சட்டைகள். இங்கேயும் சங்கு ஒன்று இருந்ததாம். பல மைலுக்குக் கேட்கும். தூக்கம் கெடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் போலிங்புரோக் பிரபு சண்டை போட்டாராம். பொன்மலைக்கு அருகில் பிரபுக்கள் யாரும் குடியிருக்கவில்லை.

அப்புறம் கார். 'மேஜிக் ரவுண்டபவுட்' வழியாகவே கூட்டிப்போனார். 1972இல் வந்தது, நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து குட்டி வட்டங்கள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து வட்டம், ஐந்து அட்சரம். அவருக்கு இதைச் சொன்னதும் ஸ்டியரிங்கில் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அஃபிங்டன் குன்று ஊருக்குக் கிழக்கே. உறையில் இருந்த வெள்ளைக் குதிரை இதுதான். மூவாயிரம் வருடப் பழசு, 110 மீட்டர் நீளம். புல்லைச் சீவிவிட்டு வரைந்ததல்ல. அகழி தோண்டிச் சுண்ணாம்புக் கல்லை இடித்து நிரப்பியது. தலைமாட்டில் நின்றால் குதிரை தெரியவில்லை! ஒரு வட்டக் கண், அதைத் தாண்டி வெள்ளைப் பாதை ஒன்று சரிவில் இறங்கி மறைகிறது. கால் எது, வால் எது? அவ்வப்போது ஊர்க்காரர்கள் கூடி, களை பிடுங்கி, புதுச் சுண்ணாம்பு கொட்டி இடிப்பார்கள். விட்டால் சில பத்தாண்டுகளில் புல் மூடிவிடும்.

புல்லில் உட்கார்ந்து நீல டிக்கைப் பற்றிக் கேட்டேன். 2018. சேம்பர்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்திருந்தார். அவரும் மோல்டிங்கும் சேர்ந்து ஸ்விண்டன் ஆர்ட்ஸ் சென்டரில் சில நாள் வாசித்தார்கள். சின்ன அரங்கு. பெரியவர் போனார். வீட்டுக்கு வந்து பென்சில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை, பேரனின் பேனாவை எடுத்தார்.

பார்ட்ரிட்ஜ் வந்தாரா என்று கேட்டேன். மேடைக்கு வரவில்லை என்றார். பிறகு குதிரையின் கண்ணைக் காட்டி, அதன் மேல் நின்று மூன்று சுற்று சுற்றினால் நினைத்தது நடக்கும் என்று சின்ன வயதில் சொல்வார்கள், இப்போது யாரையும் மிதிக்க விடுவதில்லை என்றார்.

5 மே, ஞாயிறு

'ஆப்பிள் வீனஸ் வால்யூம் 1', 1999. ஏழு வருட மௌனத்துக்குப் பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தந்தி சுண்டப்படுகிறது, சொட்டுகள் சேர்ந்து ஓடையாகி, டிரம்ஸே இல்லாமல் ஒரு முழு வாத்தியக்குழு பெருகுகிறது. 'ரிவர் ஆஃப் ஆர்கிட்ஸ்'. கார்ச் சாலைகளில் பூ முளைக்க வேண்டும் என்கிற ஆசை. நேற்று அந்த வட்டங்களில் சுற்றியவனுக்கு அது உடனே விளங்கியது. வாத்தியக்குழுவோடு போவதா வேண்டாமா என்ற இழுபறியில் கிரிகரி இந்தத் தட்டு முடியுமுன்பே போய்விட்டார். மிச்சம் இருவர்.

1978இல் விக்கிக்கொண்டு கத்திய அதே தொண்டை. ஊரை விட்டு நகர மாட்டேன் என்றவர் எங்கிருந்து எங்கே வந்துவிட்டார்! 'இங்கிலீஷ் செட்டில்மென்ட்' தவிர, உலகம் சுற்றிய ஐந்து வருடத்தில் போட்ட தட்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி சாயல். வீட்டோடு இருந்த பதினேழு வருடத்தில் எதுவும் எதற்கும் சொந்தம் இல்லை.

7 மே, செவ்வாய்

கடைசி: 'வாஸ்ப் ஸ்டார்', 2000. மறுபடி கிட்டார். போன தட்டின் உயரத்துக்குப் பக்கத்தில் இது மொட்டைமாடி. காற்று நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். 'ஸ்டூபிட்லி ஹேப்பி' என்றொரு பாட்டு ஒரே கிட்டார் துணுக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஓடுகிறது, மனைவிகூட முணுமுணுத்தாள். இதற்குப் பின் தட்டு இல்லை. எந்த அறிவிப்பும் சத்தமும் இல்லாமல் சில வருடத்தில் குழு கலைந்தது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டதற்குப் பெரியவரிடமிருந்து ஒரு வரியில் பதில்: வட்ட உறையை மட்டும் எங்கே வைப்பது என்று கண்டுபிடித்தால் சொல்லு.

சுவரில் இரண்டு ஆணி அடித்து நடுவில் உட்காரவைத்தேன். மூன்று தடவை நழுவியது. நான்காவது தடவை நின்றது. 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்' இருந்த இடம் அலமாரியில் காலி. மாடியிலிருந்து, கதவு சாத்திய அறைக்குள், சேம்பர்ஸின் டாம் கேட்கிறது.